பாதை வந்தது, பயணம் வரவில்லை

ஓர் ஊருக்கு ரயில் வந்துவிட்டது என்று எப்பொழுது சொல்லலாம்? தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, பெரியவர்கள் கொடியசைத்து, முதல் வண்டிக்கு மாலை சூட்டிய அன்றா? அல்லது, அவ்வூர்க் குடியானவனின் மகன் காலையில் வண்டியேறிப் பக்கத்து நகரத்துக்குப் போய், பகலெல்லாம் வேலை செய்து, மாலையில் திரும்பி வந்து தன் வீட்டுத் திண்ணையில் உட்காருகிற அன்றா? முதலாவதே ரயில் வந்த நாள் என்று சர்க்கார் ஏடுகள் எழுதிக்கொள்ளும். இரண்டாவதுதான் என்று நாம் சொல்லுகிறோம். இந்த இரண்டு கணக்குகளுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதை அறிய விரும்புகிறவர்கள் வெகு தூரம் போகவேண்டியதில்லை. நாமக்கல் ஜில்லாவிலுள்ள எருமப்பட்டியைப் பார்த்தால் போதும்.

எருமப்பட்டி, நாமக்கல்லுக்குத் தென்கிழக்கே, துறையூர் செல்லும் சாலையில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேரூர். ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குத் தலைமை இடம். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் அடிவாரத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு அதுவே கடைவீதி. நிலக்கடலையும் மரவள்ளியும் சின்ன வெங்காயமும் விளைகின்ற பூமி. கோழிப் பண்ணைகள் மலிந்த பிரதேசம். ஆனால் மழையை நம்பிய வெள்ளாமை எல்லா ஆண்டும் ஒன்றுபோல் கைகொடுப்பதில்லை. ஆகவே இவ்வட்டாரத்து வாலிபர்கள் வேலைக்கும் படிப்புக்கும் நாமக்கல்லையும் சேலத்தையும் கரூரையும் நோக்கித்தான் போகவேண்டும். போகவும் செய்கிறார்கள். போய் மீளுவது எப்படி என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட மதறாஸ் ரயில்வே கம்பெனியின் பெரும்பாதை சேலத்தையும் ஈரோட்டையும் கடந்து 1862-இல் மேல்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. மறுபுறம், நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த பாதை அதே 1860-களில் கரூர் வழியாக ஈரோட்டை அடைந்தது. வடக்கே சேலத்தில் ரயில், தெற்கே கரூரில் ரயில், நடுவிலே நாமக்கல். இரண்டு பக்கமும் ஊதல் சத்தம் கேட்க, நடுவிலிருந்த ஊர் மட்டும் நூற்றைம்பது ஆண்டுக் காலம் மாட்டுவண்டியையும், பிறகு மோட்டாரையும் நம்பிக் கிடந்தது. விருந்து நடக்கும் வீட்டுக்கும் விருந்து நடக்கும் வீட்டுக்கும் இடையிலே குடியிருந்து பட்டினி கிடந்தவனின் கதை இது.

ஏன் இப்படி நேர்ந்தது? அன்று பாதை போட்டவர்கள் ஜனங்களின் சௌகரியத்தைக் கருதிப் போடவில்லை. துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைப்பது, பட்டாளத்தை விரைவாக நகர்த்துவது, சரக்கைக் கடலுக்குக் கொண்டுபோவது ஆகியவையே அவர்களுடைய நோக்கங்கள். முதல் போட்ட கம்பெனிகளுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி என்று சர்க்கார் உத்தரவாதம் அளித்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தியக் குடியானவனின் வரிப்பணத்திலிருந்து அந்த வட்டி போய்ச் சேர்ந்தது. தாதாபாய் நௌரோஜியும் ரமேச சந்திர தத்தரும் இதனைக் கண்டித்து எழுதியது தேசபக்தர்கள் அறிந்த விஷயமே. வரி கொடுத்தவன் ஒருவன். வண்டியில் போனவன் மற்றொருவன். நாமக்கல்லார் ஐந்து தலைமுறையாக வரி கொடுத்தார்கள், வண்டியைக் காணவில்லை.

பழைய சேலம் ஜில்லாவுக்கு மற்றொரு கஷ்டமும் நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தை உத்தேசித்துத் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் குறும்பாதைகள் போடப்பட்டன. 1941-இல், உலக யுத்தத்தின் நடுவே, அவை மூடப்பட்டன. இருந்ததும் போயிற்று. மொரப்பூர்–தருமபுரிப் பாதையை மறுபடியும் அமைக்க அடிக்கல் நாட்ட 2019 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. பெயர்ப்பது எளிது, போடுவது அரிது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 85 கிலோமீட்டர் பாதை போடுவதென்று 1996–97-இல் முடிவாயிற்று. 1997 ஜனவரியில் நாமக்கல் தனி ஜில்லா ஆயிற்று. பாதை மட்டும் ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. பணம் ஒதுக்குவதில் ஆண்டுக்கு ஆண்டு கைச்சுருக்கம். நிலம் எடுப்பதில் தாமதம். மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே காவிரியின் மேல் நீண்ட பாலம். கடைசியில் 2013 மே மாதத்தில் பிரயாணிகள் வண்டி ஓடிற்று. 1930-இல் வேதாரணிய உப்பு யாத்திரைக்கு வழிநடைப் பாட்டுத் தந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பிறந்த மோகனூரிலும் ஒரு ஸ்டேஷன் எழுந்தது. அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகவே கடற்கரை சேர்ந்தார்கள். அவர்கள் பெற்றுத் தந்த சுதந்தரத்துக்கு அறுபத்தாறாம் வயது நடக்கும்போதுதான் கவிஞரின் சொந்த ஊர் ரயிலைக் கண்டது. தாமதமானாலும் வந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பாதை போட்ட பொறியாளர்களுக்கும், காவிரி மணலில் கால் பதித்துத் தூண் எழுப்பிய தொழிலாளர்களுக்கும் தமிழ்நாடு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

அதன் பிறகு நடந்தவற்றிலும் நல்லவை உண்டு. சென்னையிலிருந்து பழநி வழியாகப் பாலக்காடு செல்லும் விரைவு வண்டி நாமக்கல்லைத் தொட்டுச் செல்லுகிறது. பாதையில் மின்சாரமும் ஏறிவிட்டது. 2023-இல், மயிலாடுதுறைக்கும் திருச்சிக்கும், திருச்சிக்கும் கரூருக்கும், கரூருக்கும் சேலத்துக்கும் எனத் துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை ஒன்றாக இணைத்து, மயிலாடுதுறையிலிருந்து சேலம் வரை ஒரே வண்டியாக விட்டார்கள். இதற்காகப் புதிதாக ஒரு முழத் தண்டவாளமும் போடவில்லை. உள்ளதைக் கொண்டு ஒழுங்காக யோசித்தார்கள், அவ்வளவுதான். மனம் வைத்தால் அதிகாரிகளால் முடியும் என்பதற்கு இது சாட்சி. இந்தச் சாட்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே இதற்கு வேலை இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். தூரப் பிரயாணத்துக்கான வண்டி வேறு; அன்றாடப் பிரயாணத்துக்கான வண்டி வேறு. சென்னைக்கோ பழநிக்கோ போகிறவன் ஆண்டுக்கு நாலைந்து தடவை போகிறான். அவனுக்கு நள்ளிரவில் வண்டி வந்தாலும் சரி. மூட்டையோடு காத்திருந்து ஏறிக்கொள்வான். தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு அப்படியல்ல. எட்டரை மணிக்கு ஆலையில் இருக்கவேண்டியவனுக்கு ஒன்பதே கால் வண்டி, இல்லாத வண்டிக்குச் சமானம். மாலை ஆறு மணிக்கு வேலை முடிகிறவனுக்கு ஐந்தரை மணியோடு கடைசி வண்டி போய்விட்டால், காலையில் ஏறினதும் பயனில்லை. மேலும், ஒரு வண்டி தவறினால் அடுத்தது எப்போது என்பதுதான் அவனுக்குப் பெரிய கேள்வி. அரை மணி, ஒரு மணி என்றால் பொறுத்துக்கொள்வான். ஐந்து மணி என்றால் ரயிலையே மறந்துவிடுவான். சேலத்துக்கும் கரூருக்கும் இடையே எல்லா ஸ்டேஷனிலும் நின்று செல்லும் சாதாரண வண்டிகள் மிகச் சிலவே. இவற்றை நம்பி ஒருவன் தன் ஜீவனத்தை அமைத்துக்கொள்ள முடியாது.

அடிக்கடி ஓடும் வண்டி ஒரு பிரதேசத்தை எப்படி மாற்றும் என்பதை அறிய நாம் சீமைக்குப் போகவேண்டியதில்லை. பம்பாயில் 1925-இல் மின்சார ரயில் ஓடிற்று. சென்னையில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் ஓடிற்று. அக்காலத்தில் தாம்பரமும் பல்லாவரமும் நகரத்துக்கு வெகு தொலைவிலிருந்த சிற்றூர்கள். அங்கே அன்றிருந்த ஜனத்தொகையை எண்ணிப் பார்த்து, இத்தனை பேருக்கு இத்தனை வண்டி போதும் என்று கணக்கிட்டிருந்தால் அந்தப் பாதையில் மின்சாரமே ஏறியிராது. வண்டி முன்னே ஓடிற்று. ஊர் பின்னே வளர்ந்தது. ஒரு குமாஸ்தா தாம்பரத்தில் குடியிருந்து கோட்டையில் வேலை பார்க்கலாம் என்பது அதனாலே சாத்தியமாயிற்று. தலைநகரத்துக் குமாஸ்தாவுக்குச் செய்த இந்த நியாயத்தை எருமப்பட்டிக் குடியானவன் மகனுக்கும் செய்யவேண்டும் என்பதுதான் நம்முடைய கட்சி.

இதற்கு ஏற்ற வண்டியும் இப்போது இருக்கிறது. மெமு என்று சொல்லப்படும் மின்சாரத் தொடர்வண்டியில் இழுக்கும் சக்தி வண்டியோடேயே அமைந்திருக்கிறது. கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டவேண்டிய தொல்லையில்லை. ஓட்டுகிறவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோனால் வண்டி திரும்பிவிட்டது. நின்ற இடத்திலிருந்து சடுதியில் வேகம் எடுக்கும். ஆகவே மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, மோகனூர், வாங்கல் என்று இடையிடையே நின்றாலும் காலம் அதிகம் வீணாகாது. பாதை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, அதற்கேற்ற வண்டி வகையும் இருக்கிறது. குறைவாயிருப்பது முறைகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனையை வாங்கிக் கட்டிவிட்டு அங்குசம் வாங்கக் கையிருப்பைப் பார்ப்பவனை என்னவென்று சொல்லுவது?

செலவுக் கணக்கையும் பார்ப்போம். இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலை, சாதாரண வண்டியில் சுமார் பதினைந்து தடவை ஒருவழிப் பயணம் செய்வதற்கான கட்டணம். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலைக்குப் போகிறவன் போக வர ஐம்பது தடவை பிரயாணம் செய்கிறான். ஆக, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் அவன் காரியம் முடிகிறது. 150 கிலோமீட்டர் வரை இந்தச் சலுகை உண்டு. சேலமும் கரூரும் இந்த எல்லைக்குள் நன்றாகவே அடங்குகின்றன. 2014-இல் இந்தப் பதினைந்தை முப்பதாக்கப் பார்த்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் அதைக் கைவிட்டார்கள். ஏழைத் தொழிலாளியின் கையில் இத்தகைய சாதனம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது சட்டம். ஆனால் சீட்டு வாங்கினவன் ஏறுவதற்குத் தகுந்த வேளையில் வண்டி வேண்டாமா? குடை கொடுத்துவிட்டு வெளியே போகும் கதவைச் சாத்திவிட்டால் என்ன பிரயோசனம்?

எருமப்பட்டியில் ரயில்வே ஸ்டேஷன் இல்லை. அப்படியிருக்க, அவ்வூருக்கு இந்த ரயிலால் என்ன நன்மை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாமக்கல் ஸ்டேஷனே எருமப்பட்டியின் ஸ்டேஷன். இந்த 15 கிலோமீட்டரைப் பேருந்துதான் இணைக்கவேண்டும். 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். இந்தச் சலுகையையும் ரயில் மாதச் சீட்டையும் சேர்த்துப் பாருங்கள். எருமப்பட்டி வட்டாரத்துப் பெண் ஒருத்தி செலவில்லாமல் நாமக்கல் வந்து, சொற்பச் செலவில் சேலம் போய்ப் படித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். காகிதத்தில் இது இன்றைக்கே சாத்தியம். நடைமுறையில் முடியாமற் போவதற்குக் காரணம், பேருந்தும் ரயிலும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாமையே. ரயில் வரும் நேரம் பேருந்துக்காரருக்குத் தெரியாது. பேருந்து வரும் நேரத்தைப் பற்றி ரயில்காரருக்குக் கவலையில்லை. ஒன்று டில்லியின் ஆளுகை. மற்றது சென்னையின் ஆளுகை. இரண்டு சர்க்கார்களின் நடுவே நின்று வெயிலில் காய்கிறவள் ஒரு குடிமகள்.

வீட்டுப் பெண்களின் படிப்பு இந்த ஒரு மணி, அரை மணிக் கணக்கில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது என்பதைக் கிராமம் அறிந்தவர்கள் அறிவார்கள். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இடம் கிடைத்தும், விடுதிக்குப் பணமில்லாமலும், தினம் போய்வர வழியில்லாமலும், பெற்றோர் தயங்கி நிற்பதுண்டு. இருட்டுவதற்குமுன் திரும்பிவிடுவாள் என்ற நிச்சயம் இருந்தால் அவர்கள் மறுமொழி சொல்லாமல் அனுப்புவார்கள். அந்த நிச்சயத்தைக் கொடுக்கக்கூடியது காலம் தவறாத வண்டி ஒன்றே. நோயாளிகளின் விஷயமும் இதுவே. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தரம் போய் மருந்து வாங்கவேண்டிய கிழவருக்கு, நெரிசலில் நின்று போகும் பேருந்தைவிட உட்கார்ந்து போகும் ரயில் எவ்வளவோ மேல்.

இனி மறுப்புகளைக் கவனிப்போம். முதலாவது, நஷ்டக் கணக்கு. பிரயாணச் செலவில் சராசரி நூற்றுக்கு 57 பங்குதான் கட்டணமாக வசூலாகிறது என்று ரயில்வேயார் டிக்கெட்டிலேயே அச்சிட்டு வந்தார்கள். கடன்பட்டவனின் நெற்றியில் எழுதி ஒட்டுவதுபோலப் பிரயாணியின் கையில் இதைக் கொடுத்தார்கள். நாம் கேட்பது இதுதான்: நாலுவழிச் சாலையின் மீது போகிறவனிடம், உன் சாலைக்கு இவ்வளவு செலவாயிற்று, அதில் நீ இவ்வளவுதான் கொடுத்தாய் என்று யாராவது சீட்டெழுதிக் கொடுக்கிறார்களா? ஒரு வேலையாள் தினம் நகரத்துக்குப் போய் வருவதால் அவன் குடும்பத்துக்கு வரும் கூலியும், அந்தக் கூலி ஊர்க்கடையில் செலவாவதும், ஒரு மாணவி படித்து முன்னேறுவதும் ரயில்வேயின் பேரேட்டில் ஏறுவதில்லை. ஏறாததனால் அவை லாபமல்ல என்று ஆகிவிடுமா?

இதனோடு ஒட்டிய மற்றொரு வாதம், கூட்டம் இல்லையே என்பது. அகாலத்தில் வண்டி விடுவது. அதில் ஜனங்கள் ஏறாதிருப்பது. ஏறவில்லை என்பதைக் காட்டி மேலும் வண்டி மறுப்பது. இந்த வட்டத்துக்குள் நுழைந்தவர்கள் வெளியே வந்ததில்லை. கிணற்றில் கயிற்றைப் பாதி ஆழம் விட்டுப் பார்த்து, தண்ணீரில்லை என்று சொல்லுவது போன்றது இது. ஆறு மாதத்துக்குக் காலையிலும் மாலையிலும் தகுந்த நேரத்தில் வண்டி விட்டுப் பார்க்கட்டும். அப்புறம் கணக்கைப் பேசட்டும்.

இரண்டாவது மறுப்பு, பேருந்து இருக்கிறதே என்பது. உண்மைதான். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கைகாட்டிய இடத்தில் ஏற்றி, கேட்ட இடத்தில் இறக்கும் சௌகரியம் ரயிலுக்கு இல்லை. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், அச்சாலையில் ஓடும் கனரக வண்டிகளின் நெருக்கத்தைக் கண்டவர்கள் சாலை ஒன்றே போதும் என்று சொல்லமாட்டார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு குறைவு. ஆகவே ஒரே அளவு ஜனங்களைக் கொண்டுபோக ரயிலுக்கு ஆகும் சக்தியும் குறைவு. அதுவும் மின்சாரம், இறக்குமதி எண்ணெய் அல்ல. அந்நிய எண்ணெயைக் குறைப்பது சுதேசிக் கொள்கையே என்பதைத் தேசியவாதிகளுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பேருந்துக்குப் போட்டியாக ரயிலைக் கேட்கவில்லை. பேருந்தின் தோழனாகக் கேட்கிறோம்.

மூன்றாவது மறுப்பு, இது ஒற்றைப் பாதை என்பது. இதுதான் சற்று வலுவானது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஸ்டேஷனில் மட்டுமே ஒன்றையொன்று கடக்கமுடியும். ஒன்று தாமதித்தால் மற்றதும் தாமதிக்கும். விரைவு வண்டிக்கு வழிவிடச் சாதாரண வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதே மாமூலாகிவிட்டது. ஆயினும், கடக்கும் இடங்களைக் கூட்டுவது, சிக்னல் முறையைச் சீர்செய்வது, காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் அன்றாடப் பிரயாணிக்கே முதலிடம் என்று விதிப்பது ஆகியவை இரட்டைப் பாதை போடும் செலவில் சிறு பங்குக்கும் வராது. துண்டு வண்டிகளை இணைத்து மயிலாடுதுறை வண்டி விட்ட அதே புத்தி இங்கேயும் செல்லும்.

சாதாரண வண்டியில் போகிறவனை அலட்சியம் செய்வது புதிய வியாதியல்ல. 1917-இல் காந்தியடிகள் மூன்றாம் வகுப்பில் ஊர் ஊராகப் பிரயாணம் செய்து, அங்கே கண்ட நெரிசலையும் அசுத்தத்தையும் பத்திரிகைகளுக்கு எழுதினார். வருமானத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பவன் எவனோ அவனுக்கே சௌகரியம் குறைவு என்பது அக்காலத்துக் குறை. 1920-இல் அமைந்த ஆக்வொர்த் கமிட்டியில் நம்மவராகிய வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அங்கத்தினராயிருந்தார். அக்கமிட்டியின் யோசனைப்படி 1924 முதல் ரயில்வேக்குத் தனி வரவுசெலவுத் திட்டம் ஏற்பட்டது. 2017-இல் அது பொதுத் திட்டத்தோடு கலந்தது. முன்பு ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒவ்வொரு ஊரின் பெயரும் பார்லிமெண்டில் ரயில் சம்பந்தமாக அடிபட்டது. இப்போது அந்த ஒரு நாளும் இல்லை. ஆகவே சிற்றூர்கள் முன்னிலும் அதிகமாகத் தம் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது.

குரல் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று போதும். 2020-இல் தொற்றுநோயை முன்னிட்டுச் சாதாரண வண்டிகள் நிறுத்தப்பட்டன. மறுபடி ஓடியபோது விசேஷ வண்டி என்று பெயர் சூட்டி, விரைவு வண்டிக்கு உள்ள கட்டணத்தை வசூலித்தார்கள். பத்து ரூபாயாயிருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாயாயிற்று. வேகம் கூடவில்லை, நிற்கும் இடம் குறையவில்லை, பெயர் மட்டும் உயர்ந்தது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பிற்று. நோய் போய் வெகு நாளாகியும் கட்டணம் போகாமல் நின்றதற்குக் காரணம், அன்றாடப் பிரயாணிக்குப் பலமான ஸ்தாபனம் இல்லாமையே.

எருமப்பட்டியின் வாயிலுக்கே ரயில் வருவது பற்றியும் சொல்லவேண்டும். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் புதிய இருப்புப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக ஜனங்களின் வாயிலும் தேர்தல் மேடைகளிலும் இருந்து வருகிறது. பெரம்பலூர் நகரம் ஒரு ஜில்லாவின் தலைநகராயிருந்தும் அங்கே ரயில் இல்லை, துறையூரிலும் இல்லை. துறையூரிலிருந்து நாமக்கல்லுக்கு வரும் சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. அந்தப் பாதை என்றைக்காவது போடப்படுமானால், கொல்லிமலை அடிவாரத்து ஜனங்களுக்கு எருமப்பட்டியில் ஸ்டேஷன் அமைவதுதான் இயற்கை. இக்கோரிக்கையை நாம் முழு மனத்தோடு ஆதரிக்கிறோம். ஆனால் ஓர் எச்சரிக்கையும் செய்கிறோம். புதுப் பாதையின் பேரைச் சொல்லி இருக்கிற பாதையின் குறையை ஒத்திப்போட இடம் தரக்கூடாது. சேலம்–கரூர்ப் பாதைக்கு 17 ஆண்டு பிடித்தது. பள்ளியில் சேருகிற பிள்ளை பட்டம் பெற்று வேலை தேடும் காலம் அது. புதுப் பாதைக்கும் அத்தனை காலம் பிடித்தால், அதுவரை ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது.

மாநில சர்க்கார் 2025 மார்ச்சில் வெளியிட்ட வரவுசெலவுத் திட்டத்தில், கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம் வரை 185 கிலோமீட்டருக்கு அதிவேக மண்டல ரயில் அமைப்பது பற்றி ஆராய்வதாக அறிவித்தது. ஒரு நகரத்தில் குடியிருந்து மற்றொரு நகரத்தில் வேலை செய்வோரின் தேவையைச் சர்க்கார் உணர்ந்ததை வரவேற்கிறோம். ஆயினும் 1862-இல் போட்ட பெரும்பாதையை ஒட்டியே இந்தப் புதுக் கோடும் போகிறது. உள்ளவனுக்கே மேலும் கொடுப்பதாக இது முடிந்துவிடக்கூடாது. அந்தப் பெரும் திட்டத்துக்கு ஆகும் செலவில் ஓர் அணுவளவை ஒதுக்கினால், சேலத்திலிருந்து தெற்கே போகும் கிளையில் ஒழுங்கான வண்டிகளை விடலாம். தஞ்சை ஜில்லா போர்டார் தாமே வரி விதித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டுக்கொண்டது நம் நாட்டில் நடந்த சங்கதி. அந்நியர் ஆட்சியில் ஒரு ஜில்லா போர்டு செய்ததைச் சுதந்தர நாட்டில் ஒரு மாநில சர்க்கார் செய்யமுடியாதா?

ஊழியர்கள் செய்யவேண்டிய காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். முதலில், எருமப்பட்டி ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து சேலத்துக்கும் கரூருக்கும் தினம் போய்வருகிறவர்கள், வண்டி இருந்தால் போகக்கூடியவர்கள் ஆகியோரின் கணக்கை வீடு வீடாகப் போய் எடுக்கவேண்டும். எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்பதையும் அதில் குறிக்கவேண்டும். உணர்ச்சியோடு எழுதிய நூறு மகஜர்களைவிட இத்தகைய கணக்கு ஒன்று அதிகாரிகளின் மேஜையில் அதிகம் பேசும். இரண்டாவதாக, பேரூராட்சியும் ஊராட்சிகளும் தீர்மானம் செய்து, 2007 நவம்பர் முதல் இயங்கிவரும் சேலம் ரயில்வே டிவிஷனுக்கும், ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழுவுக்கும், பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் அனுப்பவேண்டும். மூன்றாவதாக, காலை மாலை வண்டிகளுக்கு எதிரே எருமப்பட்டிப் பேருந்து வந்து நிற்கும்படி போக்குவரத்துக் கழகத்தாரோடு ஜில்லா கலெக்டர் முன்னிலையில் ஏற்பாடு செய்யவேண்டும். இது ஒரு கால அட்டவணையைத் திருத்தும் வேலை. இதற்குச் செங்கல்லும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்தபின் ஜனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கேட்டுப் பெற்ற வண்டியில் ஏறவேண்டும். டிக்கெட் வாங்கி ஏறவேண்டும். டிக்கெட்டில்லாப் பிரயாணம் சாமர்த்தியமல்ல. அடுத்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றும் வேலை. கணக்கில் ஏறாத பிரயாணிக்காக எந்த அதிகாரியும் வண்டி விடமாட்டார்.

நகரத்திலே உழைத்து, சொந்த ஊரிலே உறங்கும் சௌகரியம் ஒரு சிறிய காரியம்போலத் தோன்றும். அது இல்லாவிட்டால் நேருவது சிறிய காரியமல்ல. வாலிபன் ஊரை விட்டுப் போகிறான். நகரத்துச் சந்திலே பத்துப் பேரோடு ஓர் அறையில் முடங்குகிறான். ஊரிலே வயதானவர்களும் பூட்டிய கதவுகளும் மிஞ்சுகின்றன, நிலம் தரிசாகிறது, பிறகு விலையாகிறது. கிராமங்கள் வாழ்ந்தால் நாடு வாழும் என்று மேடைதோறும் பேசிவருகிறோம். கிராமத்தானைக் கிராமத்திலே வைத்துக் காப்பாற்றுவதற்குக் காலையில் ஒரு வண்டியும் மாலையில் ஒரு வண்டியும் கூடுதலாக விடுவது பெரிய விலையா? நாமக்கல்லின் தண்டவாளம் காத்திருக்கிறது. எருமப்பட்டியின் வாலிபர்களும் காத்திருக்கிறார்கள். ரயில்வே அதிகாரிகள் அடுத்த கால அட்டவணையைத் திருத்த உட்காரும்போது இந்த இரண்டையும் ஒன்று சேர்ப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்; சேர்க்கும் வரையில் கேட்டுக்கொண்டே இருப்போம்.